நூறு சதவீதத்தில் செத்த போன்

மாம்பலம் ஸ்டேஷனில் என் போன் செத்துப்போனது. சாகும்போது அது நூறு சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஆளுக்கு ஒரு கதை சொல்லித் திரிகிறார்கள். ஆதம்பாக்கத்தில் ஒன்று ஓடுகிறது, கோவில்பட்டியில் இன்னொன்று ஓடுகிறது. அதனால் நானே எழுதிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு எண். போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்ற எண்.

போனின் உச்சியில் ஒரு பேட்டரி படம் போட்டிருக்கிறான். உளுத்தம்பருப்பில் பாதி இருக்கும். அதற்குள் வெள்ளை எவ்வளவு, கறுப்பு எவ்வளவு என்று உற்றுப் பார்த்து நான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். என் கண்ணுக்கு அது கொசு.

நான் மின்சார இலாகாவில் மீட்டர் சோதிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் பக்கம் நான் டார்ச் அடித்துப் பார்க்காத மீட்டர் இல்லை. மீட்டர் என்றால் எண் காட்ட வேண்டும். படம் காட்டினால் அதற்குப் பேர் சினிமா.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். செட்டிங்ஸில் பாருங்க, அதுலயே இருக்கும் என்றாள். கொடுங்க, நான் வெச்சுத் தர்றேன் என்றும் சொன்னாள்.

மீட்டர் விஷயத்தில் எனக்கு யோசனை வேண்டாம் என்றேன்.

அவள் முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள்.

ஆப் இறக்குகிற இடத்தில் போய் ‘பேட்டரி’ என்று தட்டினேன். மளமளவென்று வந்து விழுந்தன. ஒன்றை இறக்கினேன்.

அது எண்ணோடு ஒரு முகமும் காட்டியது. முழுச் சார்ஜில் சிரிக்கும். இறங்க இறங்க முகம் வாடும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எடுத்துப் பார்த்தால், கண்ணில் நீர் வழிய என்னைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறது. சாப்பிட்ட வாயோடு பார்க்கிற முகமா அது. தூக்கிவிட்டேன்.

இரண்டாவது முகம் காட்டவில்லை. பேசியது. சார்ஜ் குறையும்போதெல்லாம் ஒரு பெண் இங்கிலீஷில் அறிவிப்பாள். அடக்கமான குரல்தான். எனக்கும் பிடித்திருந்தது, கோபாலபுரம் போகும் வரை.

கோபாலபுரத்தில் என் பழைய மேலதிகாரி தவறிப்போயிருந்தார். துக்கம் கேட்கப் போனேன். கூடத்தில் யாரும் பேசவில்லை. அவருடைய அண்ணன், தொண்ணூறைத் தொட்டவர், எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

என் சட்டைப்பையிலிருந்து அவள் கிளம்பினாள். உங்கள் சக்தி குறைந்துகொண்டே வருகிறது, தயவுசெய்து உடனே கவனிக்கவும் என்றாள்.

பெரியவர் மெதுவாகத் திரும்பினார். என் சட்டைப்பையைப் பார்த்தார்.

“தெரியும்மா,” என்றார்.

அவளையும் அன்றைக்கே தூக்கிவிட்டேன்.

மூன்றாவதுதான் எனக்கு ஏற்றது என்று நினைத்தேன். பச்சை நிறத்தில் பெரிய பேட்டரி. திரை முழுக்க நிற்கிறது. நடுவில் கொட்டை எழுத்தில் நூறு. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. அழவில்லை, பேசவில்லை. ‘வை’ என்ற பொத்தானை அழுத்தினேன். வந்து உட்கார்ந்தது.

ஒரு குறை, நடுநடுவே விளம்பரம் போட்டது. உங்கள் போனில் கிருமி இருக்கிறது என்று சிவப்புக் கட்டம் வரும். உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று மஞ்சள் கட்டம் வரும். படிக்காமலே மூடக் கற்றுக்கொண்டேன். இந்த வித்தை பிறகு எனக்கு ரொம்ப உதவியது. எப்படி என்று சொல்கிறேன்.

மேலே அந்தக் கொசு மட்டும் இன்னும் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர்தான். இரண்டு இருந்தால் அதில் ஒன்று கோளாறு. செட்டிங்ஸுக்குள் நுழைந்து தேடினேன். மேலே இருக்கிற பேட்டரியை எப்படிக் காட்டட்டும் என்று போனே கேட்டது. படமாகவா, எண்ணாகவா, மறைத்துவிடவா.

எண்ணாகவா என்று ஒன்று இருந்ததைக் கவனிக்காமல் இல்லை. என்னிடம்தான் எண் இருக்கிறதே. மறை என்று அழுத்தினேன்.

அன்று சாயங்காலம் பார்த்தேன். நூறு.

மறுநாள் காலை பார்த்தேன். நூறு.

அதற்கு மறுநாள் ஆதம்பாக்கத்து மைத்துனனோடு நீண்ட நேரம் பேசினேன். பேசினேன் என்றால் அவன் பேசினான், நான் பிடித்துக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டுப் பார்த்தால் நூறு.

எனக்குக் காரணம் உடனே புரிந்தது. முன்னால் இருந்த இரண்டும் அழுதும் பேசியுமே சார்ஜைத் தின்றிருக்கின்றன. இது அமைதியாக இருக்கிறது. அமைதியாக இருந்தால் செலவில்லை. மனுஷனுக்கும் இதுதான்.

காலை நடையில் ஜாபர் பாயிடம் சொன்னேன். ராயப்பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். என் கண்ணாடியும் அவர் போட்டதுதான். நிதானமான மனுஷர்.

சார்ஜ் போடுவதையே விட்டுவிட்டேன் பாய் என்றேன்.

பாய் நின்றார். “நூறுலயே நிக்குதா சார்?”

“நிக்குது.”

“அசையவே இல்லை?”

“எதுக்கு அசையணும்?”

அவர் என் போனை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். தன் போன் மத்தியானத்துக்குள் படுத்துவிடுகிறது என்றார். பூங்கா பெஞ்சிலேயே உட்கார்ந்து அவர் போனிலும் அதே பேட்டரியை வைத்துக் கொடுத்தேன். மறுநாள் அது அவர் போனில் இல்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன். பச்சை நிறம் கண்ணுக்கு ஒத்துக்கவில்லை சார் என்றார். கண்ணாடிக் கடைக்காரர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இதற்குள் ஆதம்பாக்கத்தில் நிச்சயதார்த்தம் வந்துவிட்டது. மைத்துனன் பெண்ணுக்கு. மாப்பிள்ளை வீடு கோவில்பட்டி. துணிக்கடை. வீட்டுக்காரி ஒரு நாள் முன்னதாகவே தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள்.

எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள். காலை ரயிலில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் மாம்பலத்தில் இறங்குகிறார்கள். அழைத்துக்கொண்டுபோய் தி.நகர் லாட்ஜில் விட வேண்டும். சேலை எடுக்கிற வேலை இருப்பதால் அங்கேயே தங்குகிறார்கள். சாயங்காலம் ஆதம்பாக்கம்.

அவர்கள் போட்டோ, நம்பர், லாட்ஜ் பெயர், எல்லாம் போனுக்கு அனுப்பிவிட்டாள். நான் அவர்களைப் பார்த்ததே இல்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது குரலைத் தணித்துக்கொண்டாள்.

“அந்தம்மா மரியாதை பார்க்கிறவங்க. போன இடத்துல யாரோ கூப்பிட வரலைன்னு சம்பந்தத்தையே விட்டுட்டு ரயிலேறி வந்துட்டாங்களாம். நம்ம புள்ள வாழ்க்கை. புரியுதா?”

புரியுது என்றேன்.

“நான் இருக்க மாட்டேன். போனைப் பார்த்துக்குங்க.”

எடுத்துக் காட்டினேன். நூறு. அவளுக்கு ஆட்டோ வந்துவிட்டது. சரியாகப் பார்க்கவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது. பேட்டரி தீரப்போகிறது, சார்ஜ் போடவும் என்று ஏதோ எழுதியிருந்தது. கிருமி என்றார்கள், பரிசு என்றார்கள், இப்போது இது. மூடினேன். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்தால் இன்னொன்று. அதையும் மூடினேன்.

அபிராமபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்தேன். திரும்ப லாட்ஜுக்குப் போக வேண்டும், நிற்க முடியுமா என்று கேட்டேன். நிற்கிறேன் பெரிசு என்றான் டிரைவர். நடு வயசு, சட்டைப் பொத்தான் பாதிக்கு மேல் இல்லை.

ரயில் வரும் நேரம். பிளாட்பாரத்தில் நின்று போட்டோவைப் பார்த்துவிடலாம் என்று போனை எடுத்தேன். நூறு. போட்டோவைத் திறக்கப் போனேன். திரை கறுத்தது.

அமுக்கினேன். கறுப்பு. அமுக்கிப் பிடித்தேன். கறுப்பு. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினேன். ரயில் வந்துவிட்டது.

இறங்கினவர்களில் கோவில்பட்டிக்காரர்கள் யார் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது. எல்லோரும் பெட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் தூக்கம் கலையாமல் இருந்தார்கள். ஒரு தம்பதியிடம் போய் நிச்சயதார்த்தமா என்று கேட்டேன். அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். அவர்கள் பல்லாவரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களாம், தூக்கத்தில் தாண்டி வந்துவிட்டார்களாம். ஏற்கெனவே கோபத்தில் இருந்தார்கள்.

கூட்டம் வடிந்தது. வெளியே வந்தேன். வாசலில் ஒரு டீக்கடை. அதன் பக்கத்தில்தான் ஆட்டோ நின்றது.

“இன்னா பெரிசு, ஆள் வர்லியா?”

போன் அணைந்துவிட்டது என்றேன்.

“சார்ஜ் பூட்சா?”

சார்ஜ் நூறு இருக்கிறது என்றேன். இது உள்ளே ஏதோ லூஸ் காண்டாக்ட்.

அவன் தன் போனை நீட்டினான். வீட்டுக்குப் போட்டுப் பேசு என்றான். வாங்கிவிட்டேன். வாங்கின பிறகுதான் தெரிந்தது, அவள் நம்பர் எனக்குத் தெரியாது. போனில் ‘வீடு’ என்று இருக்கும். ‘வீடு’ என்பதை அமுக்கினால் அவள் பேசுவாள். அதற்குள் என்ன எண் இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் எங்கள் பழைய தரைவழிப் போன் நம்பர். அதைப் போட்டேன். நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை என்றாள் ஒருத்தி. அந்தப் போனைச் சரண்டர் பண்ணியது நானேதான்.

டிரைவர் என் முகத்தைப் பார்த்தான்.

“சம்சாரம் நம்பர் தெர்யாதா?”

போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“கண்ணாலம் ஆயி எத்தினி வருசம் ஆவுது பெரிசு?”

“அது உனக்கு எதுக்கு?”

இந்த இடத்தில்தான் டீக்கடைக்காரர் வாயைத் திறந்தார். அவர் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். பாய்லருக்குப் பின்னால் பிளக் இருக்கிறது, சார்ஜர் ஒயரும் இருக்கிறது, சொருகிப் பாருங்க ஐயா என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இப்போது தெரிகிறது.

அப்போது எனக்குக் கோபம் ஏறிவிட்டது. பெண்ணின் வாழ்க்கை போய்க்கொண்டிருக்கிறது. மரியாதை பார்க்கிற அம்மா எந்நேரமும் திரும்பி ரயிலேறலாம். இவர்கள் இருவரும் மாற்றி மாற்றி சார்ஜ் சார்ஜ் என்கிறார்கள்.

நூறு இருக்கும்போது அதற்கு மேல் எங்கேய்யா ஏற்றுவது என்று கேட்டேன். நிறைந்த குடத்தில் ஊற்றுவீரா என்று கேட்டேன். டீ ஆற்றுகிறவர் டீ ஆற்றட்டும், ஆட்டோ ஓட்டுகிறவர் ஓட்டட்டும், கரண்ட் விஷயம் கரண்ட் தெரிந்தவனிடம் விடுங்கள் என்றேன். எத்தனை வீட்டில், எத்தனை கடையில் நான் மீட்டர் பார்த்திருப்பேன் தெரியுமா என்றேன். உள்ளே ஃபேன் ஓடுகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது, வாசலில் மீட்டர் மட்டும் நிற்கிறதா, அங்கே ஏதோ தில்லுமுல்லு என்று வாசல்படியிலிருந்தே சொல்லிவிடுவேன் என்றேன். என்னிடம் வந்து மீட்டரைப் பற்றிப் பேசுகிறீர்களே என்றேன்.

பிளக் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பேசும்போது இரண்டு முறை அதில் இடித்துக்கொண்டேன்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார். டிரைவரும் பார்த்தான்.

திரும்பினேன்.

ஒரு பெரிய பெட்டி. அதன் இரண்டு பக்கமும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அந்த அம்மா தலையில் கனகாம்பரம், கையில் பை. இரண்டு பேர் கையிலும் டீ கிளாஸ், காலியாக.

“வணக்கம் அண்ணாச்சி,” என்றார் அவர். “கோவில்பட்டி.”

எப்போது வந்தீர்கள் என்றேன்.

“வந்து ஒரு டீ ஆச்சு. நீங்க ஏசி முடிக்கட்டும்னு நின்னோம்.”

என்னை எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்டேன். அவர் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்தார். அந்த அம்மா யோசிக்கவில்லை.

“உங்க போன் அணைஞ்சிருக்குன்னு ஒங்க வீட்டம்மாகிட்ட பேசுனோம். வெளிய வந்து பாருங்க, உயரமா ஒருத்தர் யாரையாவது ஏசிக்கிட்டு நிப்பாக, அவுகதான்னு சொன்னாக.”

டிரைவர் ஆட்டோவுக்குள் போய் ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

போன் கோளாறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். லாட்ஜ் பெயரும் அதற்குள்தான் இருக்கிறது என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. கையை நீட்டினார். கொடுத்தேன். பைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு பவர் பேங்க் எடுத்துச் சொருகினார். அவரிடமும் நூறு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். மரியாதை பார்க்கிறவராயிற்றே என்று மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் திரை வெளுத்தது.

“மூணுன்னு காட்டுது அண்ணாச்சி.”

தவறாக இருக்கும், திறந்து பாருங்கள் என்றேன். திறந்தார். பச்சைப் பேட்டரி. நூறு.

“பாத்தீங்களா,” என்றேன். டீக்கடைக்காரர் பக்கமும் ஒரு தடவை திரும்பிச் சொன்னேன்.

அந்த அம்மா விரலால் திரையைத் தள்ளினார். ஆப்கள் எல்லாம் நகர்ந்தன. பேட்டரி நகரவில்லை. திரும்பத் தள்ளினார். என்னை ஒரு முறை பார்த்தார். போனை ஒரு முறை பார்த்தார்.

“இது படம் அண்ணாச்சி.”

“என்ன படம்?”

“வால்பேப்பர். சுவத்துல காலண்டர் மாட்டுன மாதிரி. எங்க கடை வாசல்ல பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்திருப்போம். நீங்க அதுகிட்டப் போய் வெலை கேட்டிருக்கீக.”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. நின்று சிரிக்க முடியாமல் பெட்டி மேல் உட்கார்ந்தார். அவர் கணவர் பதறிப்போய் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். இப்படி இவ சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே அண்ணாச்சி என்றார். டிரைவர் நிமிரவே இல்லை.

டீக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கும் ஒரு டீ போட்டு வைத்தார். அது இன்னும் வலித்தது.

லாட்ஜ் போகும் வரை அந்த அம்மா சிரித்தார். ரங்கநாதன் தெரு முனையில் கொஞ்சம் நிறுத்தினார். பேட்டரி விளம்பரப் பலகை ஒன்று வந்தது. மறுபடி ஆரம்பித்தார்.

சாயங்காலம் நான் ஆதம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. பந்தலில் நுழையும்போதே மாமா சார்ஜ் எவ்வளவு என்று கேட்டான் ஒருவன். வயசில் பெரியவர்களே கேட்டார்கள். நல்லபடியாகத் தட்டு மாற்றினார்கள். இப்படி மனசு விட்டுப் பழகுகிற குடும்பம் அமைந்தது எங்கள் பாக்கியம் என்று மாப்பிள்ளையின் அம்மா சபையில் சொன்னார். சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

நான் மூலையில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி வந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

நான் கேசரியை முடிக்கவில்லை. அவள் போன் வேலையை முடித்துவிட்டாள். பச்சைப் பேட்டரியைக் காணோம். அந்த இடத்தில் பேத்தியின் போட்டோ வந்திருந்தது. உச்சியில் எண், அதுவும் பெரிய எழுத்தில். நாற்பத்தொன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பது ஆனது. மீட்டர் ஓடியது.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. கேட்டுவிட்டேன். படம் என்றே வைத்துக்கொள்வோம், இத்தனை நாள் ஏன் அணையவில்லை. நீ தம்பி வீட்டுக்குக் கிளம்பின பிறகுதானே இந்தக் கோளாறு.

அவள் போனை என் மடியில் வைத்தாள்.

“ராத்திரி கேஸை மூடுறது யாரு?”

“நீ.”

“பால்கனிக் கதவு?”

“நீதான்.”

“அப்புறம் போனுக்கு மட்டும் யார் சார்ஜ் போட்டாங்கன்னு நெனச்சீங்க?”

நான் கேசரியைச் சாப்பிட்டேன்.

“ஊர்ல யார் வீட்டு மீட்டர் நின்னாலும் கண்டுபிடிச்சீங்க,” என்றாள். எழுந்து பந்திக்குப் போய்விட்டாள்.

மறுநாள் நடையில் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அன்றைக்கே தெரியும் சார் என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். மீட்டர் விஷயத்தில் உங்களுக்கு யார் சார் சொல்ல முடியும் என்றார்.

அவள் நம்பரை மனப்பாடம் பண்ணிவிட்டேன். போனில் ‘வீடு’ என்று இருந்ததையும் திருத்தியாயிற்று. இப்போது யார் அழைக்கிறார்கள் என்று திரையில் சரியாக வருகிறது.

மீட்டர் ஒழுங்காக ஓடுகிறது. சரி பண்ணியவர் பெயர் வடிவு.